திருநீற்றுத் தட்டை மேசையில் வையுங்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். ஊர்க் கோயில் பரிபாலன சபையில் பொருளாளர். குடி இல்லை, சீட்டு இல்லை, கந்தோரில் ஒரு சதம் கைநீட்டி வாங்கியதில்லை. என் ஒரே தங்கச்சி மூன்று வருடமாக ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறாள். அவளுடைய கணவர் முன்பு நன்றாகக் குடிப்பவர். சபைக்குப் போனபிறகு விட்டுவிட்டார் என்கிறார்கள். அப்பா மோசம்போய் மூன்றாம் நாள், ‘அப்பா இரட்சிக்கப்படாமலே போயிட்டார்’ என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று திருநீறு எடுக்காமல் பின்னுக்கு நின்றாள். எல்லாருக்கும் முன்னால், ‘இந்த நெற்றியோட இந்த முற்றத்தில நிக்காத, அப்பாவுக்கு நீ பிள்ளையில்லை’ என்று சொல்லிவிட்டேன். அன்று பாலையூற்றில் தன் வீட்டுக்குப் போனவள் ஒன்பது மாதமாக வரவில்லை. அம்மாவுக்குப் பிறஷர்; எனக்குத் தெரியாமல் அவளோடு போனில் கதைக்கிறா. இன்னும் ஐந்து கிழமையில் ஆண்டுத் திவசம். அவளைக் கூப்பிடுவதா? தர்மத்தின்படி நடப்பவன் பிழையைச் சுட்டிக்காட்டக் கூடாதா? நான் இறங்கிப்போனால் சித்தப்பா ஆட்கள் என்ன சொல்லுவினம்? அவளுக்குக் காணி எழுத வேண்டாம் என்று மாமா வேறு சொல்கிறார்.

பதில்:

அன்புள்ள ஐயா,

கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், முற்றத்தில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவேண்டும். மன்னிப்பையும் அழைப்பையும் ஒரே மூச்சில் சொன்னால், சனத்துக்குக் காட்டுவதற்காகக் கூப்பிட வந்திருக்கிறார் என்றுதான் தங்கச்சிக்குப் படும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிழமையாவது இருக்கட்டும். இந்தக் கிழமையே தொடங்கினால் காலம் போதும்.

அன்று நீங்கள் சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். அவர் திருநீறு எடுக்கவில்லை என்பது நடந்த சம்பவம். அப்பாவுக்குப் பிள்ளையில்லை என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு எங்கிருந்தும் வரவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அவரே அதைச் சொல்லவில்லை. தங்கச்சி சபைக்குப் போன முதல் இரண்டு வருடமும் அவர் இருந்தாரே. தங்கச்சி செய்ததும் இதே பிழைதான்: அப்பா எங்கே போனார் என்று அவரும் ஒரு தீர்ப்பு எழுதினார். அந்தச் சொல் உங்களுக்கு எவ்வளவு நொந்தது என்பதை வைத்தே, உங்கள் சொல் அவருக்கு எவ்வளவு நொந்திருக்கும் என்று அளந்துகொள்ளலாம். ஒரு வித்தியாசமும் இருக்கிறது. அவர் அதை அம்மாவிடம் அழுதுகொண்டு சொன்னார், நீங்கள் எல்லாருக்கும் முன்னால் கோபத்தில் சொன்னீர்கள். அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து அழுபவர் அப்பாவை வெறுத்தவராக இருக்கமாட்டார். அது பாசம், பிழையான சொல்லில் வந்த பாசம்.

தர்மத்தின்படி நடக்கிறேன் என்கிறீர்கள். குடி இல்லை, சீட்டு இல்லை, கைலஞ்சம் இல்லை. இவை சின்ன விஷயங்கள் அல்ல; விட்டுவிடாதீர்கள். ஆனால் கணக்குச் சுத்தமாக இருப்பவருக்கு ஒரு சோதனை வரும்: மற்றவர்களின் கணக்கையும் தானே பார்க்கவேண்டும் என்று தோன்றும். கோயில் பொருளாளரான உங்களுக்கு இது விளங்கும். பேரேடு எழுதுகிறவர் வேறு, கணக்காய்வாளர் வேறு. உங்கள் கையில் தரப்பட்டிருப்பது உங்கள் பேரேடு மட்டும்.

அப்படியென்றால் பிழையைச் சுட்டிக்காட்டவே கூடாதா? சுட்டிக்காட்டவேண்டிய இடம் உண்டு. யாருக்காவது கேடு நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். உதாரணமாக, அம்மாவிடம் பிறஷர்க் குளிசையை நிறுத்திவிட்டு ஜெபியுங்கோ என்று யாராவது சொன்னால் அது மத விஷயமே இல்லை. அன்றைக்கே உறுதியாக மறியுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டாலும், வீட்டுச் செலவுக்கு இல்லாமல் காணிக்கை கேட்டு நெருக்கினாலும் அப்படியே. கோயில் பெயரில் நடந்தாலும் இதே அளவுகோல்தான். திருநீறு பூசாத நெற்றியால் யாருக்கு என்ன கேடு வந்தது? உங்கள் மனம் நொந்தது. அது உண்மையான நோ. ஆனால் அதை உங்கள் நோவாகச் சொல்லவேண்டுமே தவிர, அவருடைய குற்றமாகச் சொல்லக்கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை விரைவாகக் கடந்து போய்விட்டீர்கள்: தங்கச்சியின் கணவர் குடியை விட்டுவிட்டார் ‘என்கிறார்கள்’. விட்டாரா இல்லையா என்று அண்ணனுக்கே நேரில் தெரியவில்லை. ஆட்கள் சபைக்குப் போவது பெரும்பாலும் தத்துவம் பிடித்து இல்லை. குடியில், கடனில், தீராத வருத்தத்தில் வீடு மூழ்கும்போது பக்கத்தில் வந்து இருந்தவர்களோடு போய்விடுகிறார்கள். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு எத்தனை தரம் போனீர்கள், கோயில் சபையிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தார்களா என்று ஒருக்கால் யோசியுங்கள். குற்றம் சுமத்த இதைக் கேட்கவில்லை. பணிவு என்பது குனிந்து நிற்பது இல்லை. நாம் இல்லாத நேரத்தில் வேறு யாரோ செய்த நல்லதை நல்லது என்று ஒத்துக்கொள்வதும் பணிவுதான். முதற் சந்திப்பில் அதைச் சொல்ல ஒரு இடம் வரும்.

உங்கள் பயத்தையும் பகிடியாக எடுக்கவில்லை. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததையும், அந்தக் கல்லில் கோட்டை கட்டியதையும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர் திருகோணமலை. இங்கே ஒருவர் மதம் மாறினால் அது அவருடைய சொந்த விஷயமாக யாருக்கும் தோன்றுவதில்லை, ஊரே ஒரு கல் இழந்தமாதிரி இருக்கும். ஆனால் பாலையூற்றில் இருப்பவர் போர்த்துக்கேயத் தளபதி இல்லை. நாலு நூற்றாண்டுக் கோபத்தை ஒரு தங்கச்சியின் தலையில் இறக்காதீர்கள். சட்டப்படி பார்த்தாலும், விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் எல்லாருக்கும் இருக்கிறது. அந்த உறுப்புரைதான் உங்கள் திருநீற்றையும் காக்கிறது.

சைவராக உங்களுக்கு நெருக்கமான ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். அப்பர் சுவாமிகள் சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெயரில் இருந்த காலத்தில் தமக்கையார் திலகவதியார் திருவதிகையில் இருந்தார். சூலைநோய் என்ற கொடிய வயிற்றுவலி வந்து, தம்பி ஆள் அனுப்பியபோது, சமணப் பள்ளிக்குத் தான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் தம்பி தானே வந்து காலில் விழுந்தபோது, இவ்வளவு காலம் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. பலர் இந்தக் கதையில் அப்பர் திரும்பி வந்ததைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் நடுப்பகுதியைப் பாருங்கள்: தன் எல்லையை அவர் விடவில்லை, கதவையும் சாத்தவில்லை. தங்கச்சியும் திரும்பி வருவா என்ற எண்ணத்தை உள்ளே வைத்துக்கொண்டு போனால் அது முகத்தில் தெரியும். அவர் வராமலேயே போகலாம். அப்படியானாலும் தங்கச்சிதான் என்று மனதுக்குள் முடிவு கட்டிய பிறகு புறப்படுங்கள்.

இனிச் செய்யவேண்டியது.

வெள்ளியில் உங்களுக்குக் கோயில், ஞாயிறில் அவருக்குச் சபை. புதன் அல்லது வியாழன் பின்னேரம் நல்லது. முதல் நாள் போன் எடுத்து, ‘நாளைக்குப் பின்னேரம் வீட்ட வரட்டோ, ஒரு பத்து நிமிசம்’ என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டால், ‘உன்னட்ட ஒண்டு சொல்லவேணும், சண்டைக்கில்லை’ என்பது போதும். மனைவியைக் கூட்டிப் போகலாம், சித்தப்பாவையும் மாமாவையும் வேண்டாம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோங்கள். கடையில் வாங்கியதாக இருக்கட்டும், அர்ச்சனைத் தட்டில் வந்ததாக இருக்கவேண்டாம்.

உட்கார்ந்ததும் ஊர்க்கதை கதைத்து இழுக்காமல் சொல்லிவிடுங்கள்:

“தங்கச்சி, அந்தியேட்டியண்டைக்கு உன்னை அப்பாவின்ர பிள்ளையில்லை எண்டு சொன்னன். அது பிழை. ஆக்களுக்கு முன்னால சொன்னது அதைவிடப் பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

இவ்வளவும்தான். இதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுப்போகும். எப்படிக் கெடும் என்றால், ‘ஆனா நீயும் அண்டைக்கு…’ என்று தொடங்கினால் அது வழக்காகிவிடும். ‘உனக்கு நொந்திருந்தா மன்னிச்சுக்கொள்’ என்றால் பிழை உங்கள் சொல்லில் இல்லை, அவருடைய மனத்தில்தான் என்று ஆகிவிடும். ‘அம்மாவுக்காகத்தான் வந்தனான்’ என்றால் உங்களுக்கு விருப்பமில்லை என்று பொருள். ‘அப்பா இருந்திருந்தா…’ என்று செத்தவரைச் சாட்சிக்கு இழுக்கவே வேண்டாம். வட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்புவது எல்லாவற்றிலும் மோசம், இரவுக்குள் அது யார் யாருடைய போனில் கிடக்கும் என்று சொல்லமுடியாது.

சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் கடினம். அவர் அழலாம், திட்டலாம், தேத்தண்ணி போட எழும்பிப் போகலாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். கணவர் நின்றால், ‘மச்சான், குடியை விட்டது லேசுப்பட்ட காரியமில்லை’ என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் எழும்பிவிடுங்கள். திவசத்தைப் பற்றி அன்று வாய் திறக்கவேண்டாம்.

இரண்டு விஷயம் உங்களைக் கிளறக்கூடும். ஒன்று, ‘அண்ணா, நான் உங்களுக்காக ஜெபிக்கிறனான்’ என்பார். அதைக் குத்தலாக எடுக்காமல் ‘சரியம்மா’ என்று விடுங்கள். மற்றது, அப்பாவின் இரட்சிப்பைப் பற்றித் திரும்பக் கதை எடுக்கலாம். அதை விழுங்கிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ‘அப்பாவைப் பற்றின அந்தக் கதை எனக்குத் தாங்கேலாது. அதை நாங்கள் ரெண்டு பேரும் கதைக்காமல் விடுவம்’ என்று குரலை உயர்த்தாமல் கேளுங்கள். இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதிலுக்கு அவருடைய வேதத்திலிருந்தே ‘தீர்ப்பிடாதே’ என்ற வசனத்தை எடுத்துக் காட்டும் ஆசை வரும். மற்றவருடைய வேதத்தால் மற்றவரை அடிப்பதும் தீர்ப்புத்தான்.

ஒரு கிழமை கழித்து அழைப்பு. இப்போது படையல் விஷயத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். இப்படியான சபைகளில் படைத்த சாப்பாட்டை உண்ணாமல் விடுவது அப்பாவை அவமதிக்க இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தில், 8ஆம் 10ஆம் அதிகாரங்களில், படைக்கப்பட்ட உணவைப் பற்றிச் சொல்லியிருப்பதை அவர்கள் அப்படிக் கைக்கொள்கிறார்கள். உங்களுக்கு விரதநாளில் மச்சம் எப்படியோ, அவருக்கு இது அப்படி. ஆகவே போனில் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: ‘படையல் சாப்பாடு உனக்குச் சரிவராதெண்டு தெரியும். உங்களுக்கு வேற பானையில சமைக்கட்டோ?’ அழைப்பில் பாதி வேலையை இந்தக் கேள்வியே செய்துவிடும். வரும் நேரத்தையும் அவரிடமே விடுங்கள். காலையில் கிரியைக்கு வந்து பின்னால் இருக்கலாம், மத்தியானப் பந்திக்கு வரலாம், சனம் கலைந்தபிறகு பின்னேரம் அம்மாவோடு இருக்க வரலாம்.

சமையலில் ஒரு கவனம். படையலுக்கு ஆக்கியதில் முன்கூட்டியே கொஞ்சம் எடுத்து வைக்காதீர்கள். எடுத்த மிச்சத்தையா படைத்தாய் என்று பெரியவர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. வெளி அடுப்பிலோ பக்கத்து வீட்டுக் குசினியிலோ வேறு பானை, வேறு அகப்பை. அவர் வீட்டில் நாலு பேர் என்றால் அரைக் கிலோ அரிசி, ஒரு பருப்பு, ஒரு குழம்பு, ஒரு பொரியல் தாராளம். பானைதான் வேறு, பந்தி ஒன்றுதான். தனியே மூலையில் இருத்திப் பரிமாறினால் அத்தனை பாடும் வீண். அதே வரிசையில், அதே வாழையிலையில், நீங்களோ மனைவியோ கையால் பரிமாறுங்கள். இது வேறு பானை என்று யாருக்கும் அறிவிக்கவேண்டியதில்லை.

கிரியைக்கு அவர் கைகொடுக்காவிட்டால் குறை வந்துவிடுமோ என்று யோசிக்கிறீர்களாக்கும். தர்ப்பை போட்டுப் பிண்டம் வைக்கும் கர்த்தா மகனான நீங்கள். உங்கள் கிரியை முழுதாக நடக்கும். குருக்கள் ஐயாவிடம் இரண்டு நாள் முந்திச் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு நடுவில் தங்கச்சியின் பெயர் சொல்லி முன்னுக்குக் கூப்பிடாமல் இருப்பார்.

பெரும்பாலான வீடுகளில் சண்டை வெடிப்பது திருநீற்றுத் தட்டில்தான். ஒரு பெடியன் தட்டை ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வருவான், தங்கச்சி முன்னால் வந்து நிற்பான், எல்லாக் கண்ணும் அங்கே திரும்பும். எடுத்தால் அவருடைய மனச்சாட்சி உடையும், எடுக்காவிட்டால் அந்தியேட்டி திரும்ப நடக்கும். இதற்கு மருந்து மிகச் சின்னது. தட்டை யாரும் காவவேண்டாம். திருநீறு, சந்தனம், குங்குமம் மூன்றையும் கூடத்தில் ஒரு மேசையில் வையுங்கள். வேண்டியவர் போய் எடுப்பார். அப்பாவின் படத்துக்குப் பூப் போடுவதையும் அப்படியே வரிசை கட்டாமல் விடுங்கள். காகத்துக்குச் சோறு வைக்கும்போது தங்கச்சியின் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவந்தால் விரட்டவும் வேண்டாம், கையில் சோற்றைக் கொடுக்கவும் வேண்டாம். தங்கச்சிக்கு ஒரு பொறுப்புக் கொடுங்கள். படையலுக்கு மரக்கறி வெட்டுவது வேண்டாம், அதில் யாராவது பேச்சு எடுப்பார்கள். வருபவர்களை வாசலில் வரவேற்பது, அம்மாவுக்கு நேரத்துக்குக் குளிசை கொடுப்பது, பழைய படங்களை எடுத்து அடுக்குவது, இவை மகளாக அவர் செய்யக்கூடியவை.

சித்தப்பா ஆட்களுக்கு வருவோம். எல்லாருடைய வாயையும் அடைக்க முடியாது, தேவையுமில்லை. அவர்களில் ஆகச் சத்தமாகப் பேசுபவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். திவசத்துக்கு மூன்று நாலு நாள் முந்தி அவர் வீட்டுக்குப் போய், ‘தங்கச்சி வருவா, நான்தான் கூப்பிட்டனான். அண்டைக்கு நான் சொன்னது பிழை, அவவிட்டச் சொல்லியிட்டன். நீங்கள் அவவோட ரெண்டு வார்த்தை கதையுங்கோ’ என்று கேளுங்கள். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம், உதவி கேட்கும் தொனி வேண்டும். இதில் இன்னொரு வேலையும் முடிகிறது: ஆட்களுக்கு முன்னால் சொன்ன சொல் ஆட்களுக்கு முன்னால்தான் திரும்பவேண்டும். அன்று முற்றத்தில் நின்ற மூன்று நாலு பேருக்காவது இந்த வரி உங்கள் வாயிலிருந்தே போகட்டும். இறங்கிப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னால், ‘ஓம், போனன்’ என்று விடுங்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு கதை நீளாது.

காணியை இதற்குள் கொண்டுவராதீர்கள். மதம் மாறியதற்குத் தண்டனையாகக் காணி உறுதிப் பத்திரத்தைப் பிடித்துவைத்தால், நாளைக்கு நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அது பேரம் பேசுவதாகவே கேட்கும். திவசம் முடிந்து ஒரு மாதம் போகட்டும். பிறகு அம்மாவையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போய், யாருக்கு என்ன உரித்து என்று சட்டப்படி கேளுங்கள். மாமாவின் அபிப்பிராயம் உறுதியில் ஏறாது.

அம்மா ஒளித்துப் போன் கதைப்பது இன்றோடு நிற்கவேண்டும். ‘அம்மா, எனக்கு முன்னாலயே கதையுங்கோ’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் அம்மாவைத் தூது அனுப்பாதீர்கள். அவ இரண்டு பக்கமும் சொல்லை மெதுவாக்கிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேருமே அவவைக் கோபிப்பீர்கள். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா தொடர்ந்து சொன்னால் பிறஷர்க் கிளினிக்கில் வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார். வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம்.

இவ்வளவும் செய்தும் அவர் வராமல் விட்டால்? வரவில்லை என்பதை ஒரு பதிலாக எடுக்கவேண்டாம். ஒன்பது மாதக் காயம் ஒரு தேத்தண்ணியில் ஆறாது. அன்று பின்னேரம் போன் எடுத்து, ‘எல்லாம் சரியா முடிஞ்சுது, அம்மா சுகமா இருக்கிறா’ என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் வரேல்லை என்று கேட்கவேண்டாம். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சும்மா ஒரு போன், பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு எட்டுப் போவது, நத்தாருக்கு ஒரு வாழ்த்து. தைப்பொங்கலுக்குக் கொடுத்துவிடுவதென்றால் படைக்காத பலகாரமாகப் பார்த்து அனுப்புங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவின் நினைவாகத் தன் வீட்டில் ஒரு கூட்டம் வைத்து அவரும் உங்களைக் கூப்பிடக்கூடும். போங்கள். திருநீற்றை அழிக்காமல் போங்கள். பாட்டுப் பாடவோ கை தட்டவோ ‘ஆமென்’ சொல்லவோ வேண்டியதில்லை, முடியும் வரைக்கும் எழும்பாமல் இருந்தால் போதும். போதகர் தலையில் கைவைத்து ஜெபிக்க வந்தால், ‘வேண்டாம் ஐயா, நான் சும்மா இருந்து கேக்கிறன்’ என்று சிரித்தபடி சொல்லலாம். சாப்பாடு தந்தால் சைவமா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.